நாலு ஐம்பத்தொன்பது

காலை ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு நம்மவர் ஒரு சபதம் எடுத்தார். போர்வைக்குள் எடுத்த சபதம் என்பதால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரும் பயந்திருக்கப் போவதில்லை. "இந்தப் பாட்டை ஒழிக்காம விடமாட்டேன்" என்பதுதான் சபதம்.

பாட்டு கூடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. யாரும் போய்ப் போடவில்லை, அதுவாகவே பாடியது. ஐந்து மணிக்குப் பாடு என்று மனைவி எழுதி வைத்திருந்தாள். பாடியது. அவள் சொன்னதைக் கேட்காத பொருள் அந்த வீட்டில் எதுவும் கிடையாது.

இப்படி எழுதி வைக்கும் வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே நம்மவர்தான். ஒரு பெரிய மருத்துவமனையில் அவர் கம்ப்யூட்டர் நிர்வாகி. அங்கே டாக்டர், நர்ஸ், மருந்தாளர், சலவைப் பிரிவு என்று நானூறு பேர். நானூறு பேருக்கும் தனித்தனிப் பட்டியல். இன்ன வேலையை இத்தனை மணிக்குச் செய் என்று அதில் எழுதிவிட்டால், ஆள் தூங்கினாலும் வேலை நடந்துவிடும். அவரவர் பட்டியலை அவரவர்தான் தொட முடியும். எல்லோருடையதையும் தொட முடிந்த ஒரே ஆள் நம்மவர். அதனால் அவர் அறைச் சுவரில் ஓர் அறிவிப்பும் உண்டு: "அனுமதி இல்லாமல் அடுத்தவர் பட்டியலில் யாரும் கை வைக்கக் கூடாது. நிர்வாகி உட்பட." கீழே கையெழுத்து அவருடையதே. 'நிர்வாகி உட்பட' என்ற இரண்டு வார்த்தையை யாரும் கேட்காமல் அவராகவே சேர்த்தார். நல்லவர்தான். தூக்கம் மட்டும்தான் பலவீனம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று பேர்: அவர், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கிற மகள். அங்கேயும் நிர்வாகி அவரே. வீட்டில் அவருக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. மகள் பட்டியலில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து. மனைவி பட்டியலில் பதினொரு வேலை. அவருடைய பட்டியல் காலி. பிறர் சொல்லிக் கேட்டே பழகிய மனிதர், வேலை சொல்ல எங்கே போவார்?

மனைவிக்கு பஸ் டிப்போவில் டைம் கீப்பர் உத்தியோகம். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதமாக வந்தது, ஏன் வந்தது என்று நோட்டில் ஏற்றுவது அவள். டிரைவர்கள் சொல்லும் பொய் எல்லாவற்றையும் பதினேழு வருடமாகக் கேட்டு வருகிறாள். இன்னும் நாற்பது நாளில் அவளுக்குப் பதவி உயர்வுக்கான கண்ட்ரோலர் பரீட்சை. மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். போனதுக்கு முந்தின தடவை மகளுக்கு அம்மை. போன தடவை நம்மவர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. அதற்குப் படிக்கத்தான் ஐந்து மணி. அதற்குத்தான் பாட்டு.

இத்தனையும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அன்று காப்பி குடிக்கும்போது ஆரம்பித்தார்.

"பாட்டு கொஞ்சம் சத்தமா இல்ல?"

"எந்தப் பாட்டு?"

"அதான், காலைல வருதே."

"உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம? காதுக்குள்ளயே உக்காந்து பாடறானே!"

"கேட்டும் எழுந்திருக்கலையே. அதான் கேக்கலையோன்னு நினைச்சேன்."

பேச்சுவார்த்தை அதோடு முறிந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் குறைத்திருப்பாள். ஆனால் கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும். படிக்கிற பெண்டாட்டியிடம் 'எனக்குத் தூக்கம் வருது, நீ படிக்காதே' என்று சொல்கிற முகம் அவருக்கு இல்லை. முகம் இல்லாத இடத்தில் கை வேலை செய்தது.

அன்று மத்தியானம் மருத்துவமனையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர் அறிவிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தார். நிர்வாகி என்ற முறையில் மனைவியின் பட்டியலைத் திறந்தார். இரண்டே வரி சேர்த்தார். நாலு ஐம்பத்தொன்பதுக்கு ஒலியைப் பூஜ்யமாக்கு. ஆறு மணிக்குப் பழையபடி ஏற்று. பாட்டு பாடும், யாருக்கும் கேட்காது. தன் பட்டியலில் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று யோசித்து அவள் பெயரிலேயே எழுதினார். இந்த யோசனைக்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தார். வேலியே பயிரை மேயும்போது அதற்கும் இப்படித்தான் பெருமையாக இருக்குமோ என்னவோ.

மறுநாள் காலை அவர் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அப்படிக் கடைசியாகத் தூங்கியது கல்யாணத்துக்கு முன்னால்.

ஏழு மணிக்கு மனைவி, "ஐயோ, மணி ஏழா!" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?" என்றார் நம்மவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"பாட்டு வரலையே!"

இங்கேதான் அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"வந்துதே. எனக்கு லேசா கேட்ட மாதிரி இருந்துது. நீதான் அசந்து தூங்கிட்டே போல."

அவள் அவரை இரண்டு விநாடி பார்த்தாள். டிப்போவில் அந்தப் பார்வையைப் பார்த்தால் டிரைவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நம்மவர் டிரைவர் இல்லை. கொட்டாவி விட்டார். அவள் எழுந்து, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடினாள்.

இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. மூன்றாம் நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"பரீட்சைய விட்டுடலாமான்னு பாக்கறேன்."

"என்னது?"

"எழுந்திருக்கவே முடியலைங்க. பாட்டு வருதுன்னு நீங்களே சொல்றீங்க, எனக்குக் காதுல விழல. வயசாயிடுச்சு போல."

அவள் கையில் இருந்தது அவருடைய சட்டை. காலரைத் தடவித் தடவி மடித்தாள். உண்மையைச் சொல்லிவிட நம்மவர் வாயைத் திறந்தார். "நீ ரொம்ப அலட்டிக்கறே" என்று வந்தது. மூன்று வருடமாக அவள் காத்திருந்த ஒரு காரியத்தை, ஒரு மணி நேரத் தூக்கத்துக்காகக் குழிதோண்டிப் புதைத்த மனிதன் சொல்கிற வார்த்தையா அது? வெட்கமாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சு மட்டுமா? தலை முதல் கால் வரை குறுகுறுத்தது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த இரண்டு வரியை எடுத்துவிடுவது என்று உட்கார்ந்தார். இந்தப் பட்டியலைத் திறந்து திருத்த ஓர் எழுத்து. மொத்தமாக அழிக்க ஓர் எழுத்து. இரண்டும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து வீடு. யார் புண்ணியவான் அப்படி வைத்தானோ! இன்னொரு கொடுமை, அழிக்கச் சொன்னால் 'நிஜமாவா?' என்று அது கேட்பது கிடையாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை உட்கார வைத்து, "இந்த எழுத்துல விரலை வைக்கறதுக்கு முன்னாடி மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று பாடம் நடத்துகிறவர் நம்மவர். அன்றைக்கு அவர் மூச்சை இழுக்கவில்லை. பெருமூச்சு விட்டார். விரல் நழுவியது.

திரும்பத் திறந்து பார்த்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. இரண்டு வரியும் இல்லை. அவள் எழுதிய பதினொன்றும் இல்லை.

"என்ன சார், முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"ஒருத்தரோட பட்டியல் அழிஞ்சுபோச்சு."

"அதுக்கென்ன சார்? நானூறு பேருக்கும் தினம் பிரதி எடுக்கறோமே. யாரு சொல்லுங்க, எடுத்துத் தரேன்."

"இது நானூத்தியொண்ணாவது ஆள்."

பக்கத்து மேசைக்காரருக்குப் புரியவில்லை. நல்லவேளை.

ஊருக்கெல்லாம் பிரதி எடுக்கிறவர் வீட்டுக்கு எடுக்கவில்லை. பதினொன்றில் அவர் நினைவில் நின்றது நாலு. நாலை மட்டும் எழுதி வைத்தால், அவள் திறந்து பார்க்கிற அன்றைக்கே மற்ற ஏழு எங்கே என்று கேள்வி வரும். ஒன்றுமே இல்லாமல் இருந்தால் மெஷின் மேல் பழியைப் போடலாம். நாலு வரி இருந்தால் மனிதன் மேல்தான் விழும். எனவே காலியாகவே விட்டார். எப்பேர்ப்பட்ட மூளை!

அந்தப் பட்டியலில் என்னென்ன இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. வாசல் விளக்கு விடிந்தும் எரிந்துகொண்டிருந்தது. வெந்நீர் வரவில்லை. மகளை ஆறேகாலுக்கு எழுப்பும் மணி அடிக்கவில்லை. அதெல்லாம் போகட்டும். 'கண்ணாடி, சாவி, குடை' என்று ஏழு இருபதுக்கு அவருடைய போனில் தினம் ஒரு வரி வரும். ஏதோ போனே புத்திசாலி என்று நினைத்திருந்தார். அது வரவில்லை. கண்ணாடி இல்லாமல் வேலைக்குப் போய், நாள் முழுக்கத் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு ரத்த அழுத்த மாத்திரையை நினைவுபடுத்தும் மணி வரவில்லை. மாத்திரை பையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஊரிலிருந்து அவர் அப்பா கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, மருமக ஊர்ல இல்லையா?"

"இருக்காளே. ஏன்ப்பா?"

"இல்ல, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நீ போன் பண்ணுவே. இன்னிக்குப் பண்ணல. அவ இருந்தா நீ பண்ணியிருப்பியே."

நம்மவர் போனைக் காதில் வைத்தபடியே சுவரைப் பார்த்து நின்றார். அப்பா மேல் தனக்கு இருந்த பாசம்கூட அவள் பட்டியலில் ஒரு வரியா? பதினொன்றில் பாதிக்கு மேல் அவருக்காக. அதில்தான் அவர் கை வைத்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பிளக்கவில்லை. பாத்திரம் தேய்க்கப் போனார்.

ஆம், அன்றிலிருந்து பட்டியலே அவர்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் நேரம் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தலையணைக்கு அடியில் போனை அதிர வைத்து நாலு ஐம்பத்தொன்பதுக்கு எழுந்தார். பாவம் செய்த அதே நேரத்துக்குப் பரிகாரமும் செய்யட்டும் என்று ஒரு கணக்கு. பாட்டைத் தன் கையால் போட்டார். மனைவி அசையவில்லை. 'பாவம், களைப்பு. தூங்கட்டும். காலை வேலை எல்லாத்தையும் நாம செஞ்சுட்டா, சாயங்காலமாவது படிப்பா' என்று பாட்டை நிறுத்தி, படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். வாசல் விளக்கை அணைத்தார். வெந்நீர் போட்டார். காப்பி போட்டார். முட்டை வேகவைத்தார். மூன்று டப்பாவில் மத்தியானச் சாப்பாடு கட்டினார். மகளுக்குப் பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிறைய அவமானப்பட்டது.

"அப்பா, அம்மா வந்து..." என்று ஒரு நாள் அவள் ஆரம்பித்தாள்.

"ஸ்ஸ்! மெதுவா. அம்மா தூங்கறா."

"அதில்லப்பா, அம்மா..."

"பேசாம பாலைக் குடி. உங்கம்மாவுக்கு இந்த வீட்டுல அஞ்சு நிமிஷம் நிம்மதியா தூங்க உரிமை இல்லையா?"

மகள் அவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பாலைக் குடித்தாள்.

ஆறு மணிக்குக் கதவைத் தட்டிக் காப்பியோடு போவார். மனைவி சோம்பல் முறித்துக்கொண்டு எழுவாள். "உங்களுக்கு எதுக்குங்க கஷ்டம்?" என்பாள். "கஷ்டமா? சேச்சே!" என்பார். அந்தக் காப்பியை அவள் ருசித்துக் குடிப்பதைப் பார்க்கும்போது அவருக்கு எங்கோ ஒரு முள் குத்தும்.

அதைவிடப் பெரிய முள், புகழ்ச்சி. அக்காவோடு போனில் பேசும்போது அவள் குரல் ஏனோ சமையலறை வரைக்கும் நன்றாகக் கேட்கும். "அவரா? தங்கம்க்கா. என் பரீட்சைக்காக விடியக்காலைல எழுந்து அத்தனையும் பாக்கறாரு. நான் என்ன தவம் பண்ணினேனோ!" கழுவிக்கொண்டிருந்த தட்டு அவர் கையிலிருந்து நழுவும். பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "இவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்களேன் சார். உங்களைப் பாத்துக் கத்துக்கட்டும்." அந்த மனிதர் நம்மவரைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. நம்மவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த வீதியில் அவருக்கு ஏற்ற மரியாதையைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் சாயங்காலம் அவள் படிக்கவே இல்லை.

"நீ போய்ப் படி. சமையலை நான் பாத்துக்கறேன்."

"படிக்கலாம், படிக்கலாம்" என்பாள். மகளோடு சீட்டாடுவாள். ஒன்பது மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு படுக்கப் போய்விடுவாள். புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. நம்பிக்கை போய்விட்டது அவளுக்கு என்று நினைத்தார். தன்னால்தான் என்று நினைத்தார். ஒவ்வொரு நாளும் 'நாளைக்குச் சொல்லிடறேன்' என்று படுத்தார். முப்பத்தைந்து நாளில் முப்பத்தைந்து 'நாளைக்கு'.

பரீட்சையன்று அவள் நிதானமாகத் தலை வாரிக்கொண்டாள். பென்சில் சீவிக் கொடுத்த அவருக்குத்தான் விரலில் ரத்தம். எழுதிவிட்டு வந்து, "பரவாயில்ல" என்றாள். தோற்றுப் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் முடிவு கட்டினார்.

முடிவு வந்த நாள் சாயங்காலம் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே வந்தாள். பையை மேசைமேல் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"ரிசல்ட் வந்துடுச்சு."

அவ்வளவுதான். அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நம்மவர் கத்தியைக் கீழே போட்டார்.

"ஒண்ணும் சொல்லாதே! எல்லாம் என்னாலதான். பாட்டு வந்துதுன்னு சொன்னது பொய். நான்தான் உன் பட்டியல்ல பூந்து சத்தத்தை நிறுத்தினேன். என் தூக்கத்துக்காக. அப்புறம் அதை எடுக்கப் போய் மொத்தத்தையும் அழிச்சுட்டேன். மெஷின் கெட்டுப்போகல, நான்தான் கெட்டுப்போயிட்டேன். தங்கம் தங்கம்னு சொன்னியே, தகரம்! உன் வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன்." கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் பாதிதான் காரணம்.

அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கேட்டாள். தாமதமாக வந்த டிரைவரை முழுவதும் பேச விடுவது அவள் வழக்கம்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நான் ரெண்டாவதா வந்திருக்கேன்."

நம்மவர் மெதுவாக நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முதலில் சந்தோஷம் வந்தது, நிஜமான சந்தோஷம். அதன் பின்னாலேயே, 'அப்போ இதைச் சொல்லியே இருக்க வேண்டாமே' என்ற எண்ணம் வந்தது. அப்படி ஓர் எண்ணம் வந்ததற்காக மறுபடியும் வெட்கம் வந்தது.

"எப்ப படிச்சே? நீதான் எழுந்திருக்கவே இல்லையே?"

அவள் போனை எடுத்து நீட்டினாள். அவள் தனியாக எடுத்து வைத்திருந்த எட்டுக் கடிதம். முதல் கடிதம் முதல் நாள் காலை வந்தது: 'நாலு ஐம்பத்தொன்பது. உங்கள் பெயரில் உள்ள வேலை நிறைவேறியது. ஒலி அளவு: பூஜ்யம்.' அடுத்தது ஆறு மணிக்கு வந்தது. அப்படியே நாலு நாளைக்கும் இரண்டிரண்டு.

ஒரு வேலை ஓடி முடிந்தால், அது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கம்ப்யூட்டர் ஒரு கடிதம் போட்டுவிடும். பதினாறு வருட சர்வீஸ். நானூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம். தன் பெயரில் எழுதியிருந்தால் கடிதம் தனக்கே வந்திருக்கும், ஊருக்குத் தெரியாமல் போயிருக்கும். சாமர்த்தியமாக அவள் பெயரில் எழுதினாரே!

"முதல் நாளே தெரியுமா?"

"நாலு அம்பத்தொம்பதுக்கே தெரியும். முழிச்சுதானே இருந்தேன்."

"பாட்டு இல்லாமயா?"

"பத்து வருஷம் முதல் பஸ்ஸை அனுப்பின உடம்புங்க இது. நாலரைக்குத் தானா முழிப்பு வந்துடும். பாட்டு உங்களை எழுப்பறதுக்கு வச்சேன். படிக்கறப்ப ஒரு காப்பி போட்டுத் தருவீங்களேன்னு."

நம்மவர் கீழே கிடந்த கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"முதல் சில நாள் நீங்க குறட்டை விட்டதும் நான் பாப்பா ரூம்ல போய்ப் படிச்சேன். அப்புறம்தான் நீங்களே எழுந்து கதவைச் சாத்திட்டுப் போக ஆரம்பிச்சுட்டீங்களே. சத்தம் போடாதேன்னு பிள்ளைய வேற அதட்டினீங்க. ஒரு மணி நேரம், ஆடாம அசையாம, கட்டில்லயே உக்காந்து படிச்சேன். ஆறு மணிக்குக் காப்பி."

"ஏன் என்கிட்ட கேக்கல? முதல் நாளே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா சாரின்னு சொல்லியிருப்பீங்க. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்திருப்பீங்க."

அது நூற்றுக்கு நூறு உண்மை.

"பட்டியல் அழிஞ்சதும்..."

"மறுநாள் லெட்டர் வரல. வாசல் விளக்கும் அணையல. போய்ப் பாத்தேன், காலி." பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். பதினொரு வரியும் அவள் கையெழுத்தில், வரிசை மாறாமல் இருந்தன. "எந்த டைம் டேபிளையும் டிப்போல ஒரே ஒரு பிரதியா வச்சுக்கமாட்டோம்."

நம்மவர் அவமானத்தில் குன்றிப்போனார். ஆனாலும் மனதுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒரு சின்ன வெளிச்சம். தாள் இருக்கிறது. பட்டியலை ஏற்றிவிடலாம். மெஷின் பழையபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பரீட்சையும் முடிந்துவிட்டது. ஏழு மணி வரைக்கும் தூங்கலாம்.

"குடு, இப்பவே திரும்ப ஏத்திடறேன்" என்று கையை நீட்டினார்.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெங்காயத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவசரமில்ல. கண்ட்ரோலருக்குத் திங்கட்கிழமையிலேர்ந்து முதல் ஷிஃப்ட். உங்களை நாலு மணிக்கு மாத்திட்டேன்."